இந்திரனுக்கு மட்டும் ஒரு பிளாஷ்பேக்

சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நண்பன் சொன்னான்: "நம்ம புராணத்துல நல்லவன், கெட்டவன்னு ரெண்டே வகைதான் மக்கா. நருட்டோல வர்ற இட்டாச்சி மாதிரி ஒருத்தன் உண்டா? கிரே கேரக்டர்னா ஜப்பான்காரன்தான்."

நான் கோபுரத்தைக் காட்டினேன். "இந்த ஊருக்குப் பேரு வந்ததே ஒரு கிரே கேரக்டராலதாம்லே."

கௌதமர் வேஷம் போட்டு அகலிகையிடம் போன இந்திரன் சாபம் வாங்கினான். இங்கே வந்து கொதிக்கும் நெய்யில் முங்கித் தூய்மையானான். சுசி என்றால் தூய்மை; அதிலிருந்து ஊர்ப்பெயர் என்கிறது தலபுராணம். இன்றும் அர்த்தஜாமப் பூஜைக்கு இந்திரன் வருவதாக நம்பிக்கை. தப்பு செய்தவனுக்குத் தவிப்பு, பரிகாரம், மீட்சி எல்லாம் இருக்கிறது. அகலிகை? கல்லாகக் கிடந்தாள்.

இது கதையோடு நிற்கவும் இல்லை. இதே கோயிலில் 'கைமுக்கு' என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளான நம்பூதிரி ஆண், கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வேகாவிட்டால் அவன் தூயவன். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில்தான் அதை நிறுத்தினார்கள். கொடுமையான சோதனைதான். ஆனால் அதே விவகாரத்தில் குற்றம் சுமத்தப்பட்ட அந்தர்ஜனத்துக்கு அந்த நெய்ச்சட்டிகூடக் கிடையாது. அவளுக்கு ஜாதிவிலக்கு, அவ்வளவுதான்.

இப்போது இட்டாச்சிக்கு வருவோம். ஒரே ராத்திரியில் தன் குலத்தையே கொன்றான். தம்பியை மட்டும் விட்டுவைத்தான். ஊர்ப்பெரியவர்கள் சொல்லித்தான் செய்தான், உள்நாட்டுப் போரைத் தடுக்கத்தான் செய்தான் என்று பிறகு தெரிகிறது. நாமெல்லாம் அழுதோம். நானும்தான். ஆனால் செத்த அந்த உச்சிஹாக்களில், இட்டாச்சியின் அப்பா அம்மாவைத் தவிர, எத்தனை பேருடைய முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? உத்தரவு போட்ட பெரியவர்களை எந்தச் சபையாவது நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டதா?

பெயின் கதை இன்னும் சௌகரியம். கோனோஹா ஊரையே தரைமட்டமாக்குகிறான். நருட்டோ பேசுகிறான். உடனே பெயினுக்குள் இருக்கும் நாகாட்டோ தன் உயிரைக் கொடுத்து, அந்தத் தாக்குதலில் செத்தவர்களை எல்லாம் எழுப்பிவிடுகிறான். பிணமே இல்லாத வீட்டில் துட்டி கேட்பது யாருக்கும் சுலபம். மன்னிப்பதும் அப்படித்தான்.

அட்டாக் ஆன் டைட்டன் அந்தச் சலுகையைத் தரவில்லை. எரென் உலகத்தில் 80 சதவீதம் மனிதர்களை மிதித்துக் கொல்கிறான். ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை. அவன் வலி நண்பர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அவனை எதிர்த்து நிற்கிறார்கள். அவனை உயிராய் நேசித்த மிகாசாவின் கையால்தான் அவன் சாகிறான். அறச்சிக்கல் என்றால் எனக்கு இதுதான்.

"அப்போ வில்லனுக்கு மனசே இருக்கக்கூடாதா?" என்றான் நண்பன்.

இருக்கட்டும். அவனைப் புரிந்துகொள்வது வேறு, விடுதலை செய்வது வேறு. வில்லனுக்கு மூன்று எபிசோடு பிளாஷ்பேக் கொடுத்தால், அவன் கையால் செத்தவனுக்கு ஒன்றாவது கொடுங்கள். அவன் பக்கத்துச் சோறு, சிரிப்பு, பயம் எதுவும் தெரியாமல் நாம் விடுகிற கண்ணீர் ஒருதலைத் தீர்ப்பு. அதற்கு 'கிரே' என்று பேர் வைத்துக்கொள்கிறோம்.

நம்மிடம் இதைச் செய்துகாட்டியவர் உண்டு. 1943-இல் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' எழுதினார். இந்திரனின் பரிகாரத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. கல்லிலிருந்து எழுந்த அகலிகை அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தாள் என்று போய்ப் பார்த்தார். தனக்கு விமோசனம் கொடுத்த அதே ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் அவள் மறுபடியும் கல்லாகிப் போகிறாள். அங்கே ராமனே தப்பிக்க முடியவில்லை.

நண்பனிடம் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இட்டாச்சி எபிசோடை இன்னொரு தடவை பாக்கணும் மக்கா" என்றான்.

பாருங்கள். இந்தத் தடவை கீழே கிடப்பவர்களையும் பாருங்கள்.