தமிழாய்வுக்கு எந்தத் தராசு?



கியூ.எஸ். உலகத் தரவரிசை வெளிவரும் போதெல்லாம் நம் பல்கலைக்கழகங்கள் எத்தனை படி ஏறின, எத்தனை படி இறங்கின என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. மலாயாப் பல்கலைக்கழகம் முதல் 100 இடங்களுக்குள் இருப்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் அந்தக் கணக்கில் 20 விழுக்காடு, விரிவுரையாளர்களின் கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதற்குரியது. அந்த மேற்கோள்களை எண்ணித் தருவது எல்செவியர் நிறுவனம் 2004இல் தொடங்கிய ஸ்கோப்பஸ் தரவுத்தளம். அதனால்தான் விரிவுரையாளரின் கேபிஐ எனும் செயல்திறன் இலக்கிலும் பதவி உயர்விலும் ஸ்கோப்பஸ் கட்டுரைக்கு இத்தனை மவுசு. இயற்பியலுக்கும் மருத்துவத்துக்கும் இந்தத் தராசு ஓரளவு பொருந்தலாம். தமிழ் மொழி, இலக்கியம், தமிழ்ப்பள்ளிக் கல்வி ஆகியவற்றின் ஆய்வையும் அதே தராசில் நிறுப்பதை எதிர்த்தே இக்கடிதம்.

ஓர் இதழைச் சேர்த்துக்கொள்ள ஸ்கோப்பஸ் விதிக்கும் நிபந்தனைகளில் இரண்டைப் பாருங்கள். கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்; துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். தமிழறிஞர் மு. வரதராசன் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ‘ச’ ஒலியோடும், இன்னொருவர் ‘ஜ’ ஒலியோடும், மூன்றாமவர் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டும் எழுதுவார். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) என்பதற்குப் பின்னால் வரும் தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், மகன் எழுதிய கட்டுரை தகப்பன் பெயரில் மேற்கோளாகும். மலாய் மொழி ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் இருப்பதால் துணைநூற்பட்டியல் வாசலை எளிதில் தாண்டிவிடுகிறது. தமிழ் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. இந்தச் சிக்கலுக்கு எளிய வழி என்ன? கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிவிடுவதுதான். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை ‘தமிழ்ப் பேராய்வு’ என்ற ஆய்விதழை இணையத்தில் கட்டணமின்றி வெளியிடுகிறது. ஆனால் பதவி உயர்வுக்கு வழி வேறு பக்கம் என்றால் ஓர் இளம் விரிவுரையாளர் தம் நல்ல கட்டுரையை எங்கே அனுப்புவார்?

இதனால் இழப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தம் நாளிதழ் வழியாக நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித் திரட்டில் சாதாரணத் தொழிலாளர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். இந்திய ஆய்வியல் துறை 1956இல் உருவானதன் பின்னணியில் அந்த உழைப்புப் பணமும் இருக்கிறது. இன்று வரிப்பணம் அந்த வேலையைச் செய்கிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கத் தடுமாறுவது ஏன் என்று ஒருவர் ஆராய்ந்தால், அதை முதலில் படிக்க வேண்டியவர் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர். அக்கட்டுரை சந்தா கட்டும் இதழில் ஆங்கிலத்தில் வெளியானால், ஒரு கட்டுரையைத் திறக்க முப்பது நாற்பது அமெரிக்க டாலர் கேட்பார்கள். பிறையிலும் பாகான் டாலாமிலும் துறைமுகத்தையும் ரயில்வேயையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் வரலாற்றை எழுதினாலும் இதே கதிதான். தகவல் தந்தவர் வீட்டுக்கு ஆய்வு திரும்பி வராது. அதே ஆய்வாளர் தம் முடிவுகளைத் தமிழ் நாளிதழிலோ காணொளியிலோ எளிமையாகச் சொன்னால், மதிப்பீட்டுப் படிவத்தில் அது ‘சமூகத் தொண்டு’ என்ற கடைசிக் கட்டத்தில் ஒதுங்கிவிடும்.

ஸ்கோப்பஸ் இல்லாவிட்டால் தரம் என்னாகும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பணம் கட்டினால் கட்டுரையை ஏற்று, ஐ.எஸ்.பி.என். எண் போட்டு மாநாட்டுத் தொகுதி அச்சிடும் வழக்கம் தமிழில் உண்டு. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் தரவுத்தளத்தில் இடம்பெற்றதே தரத்துக்குச் சான்று என்பதும் சரியல்ல. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் மீட்டுக்கொள்ளப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி, வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி இதழ்களில் வந்தவை. புள்ளிக்காக எழுதும் அவசரம் எந்த மொழியிலும் போலியைத்தான் வளர்க்கும். தரத்தைக் காப்பது, துறை அறிந்தவர் பெயர் பாராமல் படித்துச் சொல்லும் தீர்ப்பு. தமிழ் இதழ்களுக்கு அதைக் கட்டாயமாக்குங்கள்; தேறாத இதழைத் தள்ளுங்கள்; தேறியதற்கு உரிய மதிப்பைக் கொடுங்கள்.

தமிழில் மட்டும் எழுதினால் உலகம் அறியாதே என்பது அடுத்த மறுப்பு. தனிநாயகம் அடிகளே 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழை ஆங்கிலத்தில்தானே தொடங்கினார் என்பார்கள். உண்மைதான். வெளியாருக்குத் தமிழை எடுத்துச்சொல்ல அவர் ஆங்கிலத்தைத் தேர்ந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. அந்த ஆங்கிலம் தமிழுக்காகத் தேர்ந்துகொண்ட கருவி. இன்றைய ஆங்கிலம் படிவத்துக்காக எழுதும் ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழில் எழுதியவரைத் தண்டிக்காதீர்கள் என்பதே கோரிக்கை.

இது நடவாத காரியமும் அல்ல. பிரேசில் 1998இல் தொடங்கிய சியெலோ தளம் போர்த்துகீசிய, ஸ்பானிய ஆய்விதழ்களை எவரும் இலவசமாகப் படிக்க வழிசெய்தது. கட்டுரை எண்ணிக்கையில் உலகை முந்திய சீனாவே 2020இல் அந்த எண்ணிக்கை மோகத்தைக் குறைக்க உத்தரவிட்டு, முக்கியக் கட்டுரைகளில் மூன்றில் ஒரு பங்காவது உள்நாட்டு இதழ்களில் வரவேண்டும் என்றது. யுனெஸ்கோவின் 2021ஆம் ஆண்டுத் திறந்த அறிவியல் பரிந்துரையும் பன்மொழி ஆய்வை வலியுறுத்துகிறது.

உயர்கல்வி அமைச்சிடம் மூன்று செயல்களைக் கேட்கிறேன். மதிப்பீட்டுக் குழுவின் பரிசீலனையில் தேறிய தமிழ்க் கட்டுரைக்கும் நூலுக்கும் ஸ்கோப்பஸ் கட்டுரைக்கு நிகரான எடை தர வேண்டும். பொதுப் பணத்தில் நடந்த ஆய்வின் இறுதிப் படியைப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி வைக்க வேண்டும். தமிழ்ச் சமூகத்தைப் பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாக வேண்டும். மூன்றுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். நம் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இதைக் கேள்வியாக எழுப்பட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாகான் டாலாம், பினாங்கு