வரி வக்கீல் மாநாடும் காரியாபட்டி சித்தப்பாவும்

வரி வழக்கு பத்தி வக்கீல்கள் பேசுற மாநாட்டு வீடியோ ஒண்ணு பார்த்தேன் மக்களே. மேடை முழுக்க ஜிஎஸ்டி தீர்ப்பாயப் பேச்சுதான்.

தப்பில்லை. ஒரு நீதித்துறை உறுப்பினருக்கு ரெண்டு அதிகாரிகள்ங்கிற ஏற்பாட்டை எதிர்த்து, சென்னை ரெவின்யூ பார் அசோசியேஷன் வழக்கு போட்டுச்சு. 2019-ல உயர்நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. நியாயமான வெற்றி. 2017 ஜூலையில வந்த வரிக்கு 2025 செப்டம்பர்லதான் தீர்ப்பாயம் திறந்தாங்க. சரி, வந்தாச்சு. அங்க போய்ச் சேரப்போறது யாரு?

காரியாபட்டியில ஹார்டுவேர் கடை வச்சிருக்கிற எங்க சித்தப்பா போக முடியாது. நோட்டீஸ் வந்தது போர்ட்டல்ல, இங்கிலீஷ்ல. கணக்கு எழுதுறவர் பார்க்கலை. இவருக்கு பாஸ்வேர்டே தெரியாது. பேங்க் கணக்கை முடக்கினப்பதான் உத்தரவு போட்டதே தெரிஞ்சது. முதல் அப்பீலுக்கு மூணு மாசம், தக்க காரணம் சொன்னா இன்னொரு மாசம். ரெண்டும் தாண்டிருச்சு. மிச்சம் மதுரைக் கிளையில ரிட்தான். முதல் படியே ஏற முடியாதவனுக்கு மாடியில ரூம் எதுக்குங்க?

போர்ட்டல்ல ஏத்தினாலே போதும்னு சட்டத்தோட 169-வது பிரிவு சொல்லுது. அதே பிரிவுல பதிவுத் தபாலும் இருக்கு! பொட்டி தட்டுறவன் சொல்றேன், சர்வர்ல ஏத்திட்டா ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா அர்த்தமில்லை. "மெயில் போட்டுட்டேன் சார்"னா எங்க மேனேஜரே ஒத்துக்க மாட்டார்.

வக்கீல் ஐயாக்களே, 2019-ல ஜெயிச்ச மாதிரி இதுக்கும் சேர்ந்து நில்லுங்க. தமிழ்ல ஒரு பக்கம், பதிவுத் தபால்ல. அவ்வளவுதான். அடுத்த மாநாட்டை காரியாபட்டி கல்யாண மண்டபத்துல வைங்க, டீ செலவு என்னோடது.

டிஸ்கி: பாஸ்வேர்டை அடுத்தவர்கிட்ட விட்டது சித்தப்பா தப்புதான். அதுக்காக வாதாடுற உரிமையையே பிடுங்கிடுவீங்களா?