பிழையென்னும் மென்பொருள் பிழையிடம் காட்டுக!

பிழையென்று கூறுதல் எளிது. அஃது எங்குளது, யாது, திருத்தும் வழி யாது என்று கூறுதலே அறிவு. மாணவன் ஏட்டில் ‘பிழை’ என்று மட்டும் எழுதித் திருப்பித்தரும் ஆசிரியனை எவர் மதிப்பர்? இன்றைய மென்பொருள்களுட் பல அத்தகைய ஆசிரியரே. கோப்பொன்றைப் படிக்கவியலாவிடின், ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்னும் ஒற்றை வரியை, அதனையும் ஆங்கிலத்திற் காட்டி ஒழிகின்றன.

இதனால் தமிழுக்கு நேரும் கேடு சிறிதன்று. 1999-இல் தமிழக அரசு ‘டாப்’, ‘டாம்’ என்னுங் குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இடையில், ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு முறையாய், எண்ணற்ற கோப்புகள் தட்டெழுதப்பெற்றன. அவற்றை இன்று திறப்பின் பொருளற்ற உரோம எழுத்துகளே தோன்றும். கோப்பு சிதையவில்லை; படிக்கும் மென்பொருள்தான் முறையறியாது விழிக்கின்றது. ‘சிதைந்தது’ என்னும் பொய்யை நம்பி ஊர்வரலாற்றையும் பள்ளிமலரையும் அழித்துவிடின், மீட்பவர் யார்? படியாத எழுத்துக்கு வினாக்குறியிட்டு, வாய்திறவாமல் அப்படியே சேமித்துவிடும் மென்பொருளோ இன்னுங் கொடிது. அங்கே மூல எழுத்தே மறைந்தொழிகின்றது.

நம் பதிப்பாசிரியர் இதனினும் அரிய இடரைக் கண்டவர். ஓலையில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஒகரங்களிற் குறில் நெடில் வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஓருருவம். பத்துப்பாட்டு ஏடுதேடிப் பொருநைக்கரை ஆழ்வார்திருநகரிக்கு வந்த உ.வே.சாமிநாதர், 1889-இல் அதனைப் பதிப்பித்தார். ஏடு சிதைந்தவிடத்துத் தாமாகச் சொற்பெய்யாது புள்ளியிட்டுக் காட்டுதலும், பக்கம், வரி, பிழை, திருத்தம் எனப் பிழைதிருத்தப் பட்டி சேர்த்தலும் தமிழ்ப்பதிப்பு மரபு. மென்பொருட்கும் அதுவே இலக்கணமாகுக.

‘3-ஆம் வரி, முதலெழுத்து: ஒருங்குறிக்குப் பொருந்தாத குறியீடு. இக்கோப்பு டாப் முறையில் எழுதப்பெற்றிருக்கலாம். அம்முறையிற் படித்துக் காட்டவா? உங்கள் கோப்பு மாற்றப்படவில்லை.’ இவ்வாறு கூறின் எளியவனும் வழியறிவான். இடம், காரணம், தீர்வு, காப்பு என்னும் நான்கும் இதன்கண் உள. ‘இருக்கலாம்’ என்றதும் நோக்குக. உய்த்துணர்ந்ததை உறுதியெனக் கூறுதல் மற்றொரு பொய்யாகும்.

மென்பொருள் யாக்கும் தமிழிளைஞர்காள்! பிழைச்செய்தியைக் கடைசியில் ஒட்டும் துணுக்கென எண்ணற்க. இடருற்ற தமிழனுக்குக் கருவி பேசும் சொல் அதுவொன்றே. அச்சொல் தமிழிலும் ஆகுக, உண்மையும் ஆகுக!