சாயநீரும் ஒரு பாடமே

நீடித்த வாழ்வு பற்றிய கல்வி நம் பள்ளிகளில் பெரும்பாலும் சுவரொட்டி வரைவதோடும் மரக்கன்று நடுவதோடும் முடிந்துவிடுகிறது. 1995இல் தொடங்கிய குளோப் திட்டம் வேறொரு வழியைக் காட்டியது. பல நாட்டு மாணவர்கள் தத்தம் ஊரின் மழையளவையும் நீரின் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் ஒரே முறையில் அளந்து பகிர அது வகைசெய்தது. 2000இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

ஆரணிக்கு இதனால் ஆவதென்ன? கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அதைப் போக்கிய பிறகே சாயம் நன்கு ஏறும். அந்நீர் எங்கே போகிறது என்று வினவும் சாயத் தொழிலாளியின் பிள்ளை, தன் வீட்டு உலையையே வினவுகிறான். அது எளிய கேள்வியன்று.

ஆனால் இத்தாலியின் கோமோவும் ஜப்பானின் கியோட்டோவும் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்களே. அவ்வூர்ப் பிள்ளைகளின் நீர்க்கணக்கோடு கமண்டல நாகநதியின் கணக்கை ஒப்பிட்டால், பழி ஒரு தந்தைமீது விழாது; தொழிலின் பொதுச்சிக்கல் புலப்படும். செரிசினை மீட்டு அழகுப் பொருள்களில் சேர்க்கலாம் என்பதையும் அவர்கள் அறியக்கூடும். வாழ்த்து அட்டைகளைவிட இத்தகைய கணக்கேடுகள் பரிமாறப்படுவதையே நாம் விரும்புகிறோம்.