கணக்கில் இல்லாத கிராமம்

செல்போன் கோபுரத்தை நட்டுவிட்டுத்தான் சிக்னல் எட்டுகிறதா என்று பார்ப்பார்கள் என நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. வெகு முன்பே கம்ப்யூட்டருக்குள் ஒத்திகை முடிந்துவிடுகிறது. இத்தனை தூரத்துக்கு ஒரு கோபுரம், இத்தனை ஜனங்கள், இன்ன வேகத்தில் போகிறார்கள் என்று எண்களைப் போட்டால், யாருக்குக் கிட்டும், யாருக்குக் கிட்டாது என்று அது சொல்லும். இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். புதிய முறை தேறியதா என்பதைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் இந்த ஒத்திகைதான்.

தோழர்களே, அந்த ஒத்திகைக்குள் இருக்கும் கிராமம் எப்படிப்பட்டது தெரியுமா? 5ஜி-க்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு யூனியன் 2017-ல் வகுத்த விதிகளில் கிராமக் கணக்கு இது: 1,732 மீட்டருக்கு ஒரு கோபுரம். பாதிப் பேர் வீட்டுக்குள். மீதிப் பாதிப் பேர் காரில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில்! நடப்பவர் ஒருவர்கூட இல்லை. உசிலம்பட்டிச் சந்தைக்குச் சுமையோடு நடப்பவர்களும், வரப்பில் இறங்கிக் களையெடுப்பவர்களும் அந்தக் கணக்கில் பிறக்கவே இல்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இது பழைய சங்கதி. திடகாத்திரமான ஒரு வாலிபனைப் புது மெஷினில், நல்ல பஞ்சில் ஓட்டவிட்டு அளந்து, அந்த வேலைப் பளுவை எல்லோர் தலையிலும் கட்டும் தந்திரத்தை நாம் அறிவோம்.

நம் எஞ்சினியர்கள் சும்மா இருக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்டோர் உழைப்பில் இந்தியா வாதாடி, அதே விதிகளில் இன்னொரு கிராமத்தையும் ஏற்றியது: 6 கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம், நூற்றுக்கு 40 பேர் வீட்டில், 40 பேர் வெளியே மணிக்கு 3 கிலோமீட்டர் நடையில், 20 பேர் மட்டும் வண்டியில், அதுவும் 30 கிலோமீட்டர் வேகத்தில். இது நம் ஊர்! இதற்கேற்ற 5ஜிஐ முறைக்கு 2020-ல் அங்கீகாரமும் கிடைத்தது. பிற்பாடு அது உலகப் பொதுமுறையோடு இணைந்தது. 2022 மே 17-ல், எட்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாயில் அமைத்த சோதனைக் களமும் திறக்கப்பட்டது. பாராட்டுகிறோம்.

ஆனால் கணக்கில் ஏறினால் கோபுரம் ஏறிவிடுமா? லாபமில்லாத இடத்துக்கு எந்த முதலாளி வருவான்? 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையில் தினம் இரு தடவை செல்போனில் படம் பிடித்து வருகையைப் பதிய வேண்டுமென்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. கண்மாய்க்கரையில் சிக்னல் இல்லாவிட்டால் போவது யாருடைய கூலி? காரில் பறப்பவனுக்குச் சிக்னல் பொழுதுபோக்கு. நமக்கு அது கஞ்சி.

இப்போது 2030-ஐக் குறிவைத்து 6ஜி விதிகள் தயாராகின்றன. அதிலும் நடந்து போகும் கிராமம் இருக்க வேண்டும். என்.எஸ்-3 போன்ற ஒத்திகைக் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மதுரைக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கொண்டு உசிலம்பட்டித் தாலுகாவை அதில் ஏற்றிப் பார்க்கட்டும். எந்தெந்த ஊர் இருட்டில் கிடக்கிறது என்ற முடிவைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். அந்த ஊர்களில் முதல் கோபுரத்தை பி.எஸ்.என்.எல். நட வேண்டும், அதற்கான பணத்தைச் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்று கோருகிறோம்.