மீட்ட விலங்குக்கு ஆயுள்வரை அரசே பொறுப்பேற்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சர்க்கஸில் விலங்குப் பணி செய்து ஓய்ந்தவர்களும் உயிரியல் பூங்கா விலங்குக் காப்பாளர்களும் சேர்ந்த சங்கம், சென்னை.

பெறுநர்:
1. செயலாளர், மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.
2. உறுப்பினர் செயலர், மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், புது தில்லி.
3. அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: சர்க்கஸில் பெரும்பூனைகளுக்குள்ள தடையைத் தளர்த்தாதிருத்தல் – சட்டத்தின் இடைவெளிகளை அடைத்தல் – மீட்பு மைய விலங்குகளுக்கும் காப்பாளர்களுக்கும் பாதுகாப்பு – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,



புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கவோ காட்சிக்கு நிறுத்தவோ கூடாது என்று, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 22-ஆவது பிரிவின்கீழ் மத்திய அரசு 14.10.1998 அன்று அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் அதை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். 2000 ஜூனில் அந்த நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது. 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அன்று எங்களில் பலர் கூடாரத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அடுப்பு எரியுமா என்ற கவலை எங்களுக்கும் இருந்தது. அந்தக் கவலையைச் சொல்லி இன்று யாராவது தடையைத் தளர்த்தக் கேட்டால், எங்கள் பெயரால் அதைக் கேட்க வேண்டாம் என்பதை முதலிலேயே பதிவு செய்கிறோம். அந்தத் தடை நியாயமானது. அதில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது.

"நல்ல தீனி போட்டு, அன்பாக வளர்த்தால் என்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. அன்பாக வளர்த்தவர்கள் நாங்கள்தான். குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். ஆனால் லாரியில் ஏற்றும் கூண்டில் புலி திரும்பிப் படுக்க இடம் இருக்கும், நடக்க இருக்காது. கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல்லின் முனை மழுங்கிப் போகும். மண்ணிலும் மரத்திலும் கீறித் தேய வேண்டிய நகம் தேயாமல் வளைந்து, உள்ளங்கால் சதைக்குள்ளேயே ஏறும். சீழ் வைத்து நொண்ட ஆரம்பித்த பிறகுதான் வெளியே தெரியும். அப்போது காலில் கயிறு போட்டுக் கம்பிக்கு வெளியே இழுத்துப் பிடித்து நகத்தை வெட்ட வேண்டும். அந்த நேரத்தில் அது எழுப்பும் குரலைக் கேட்டவர் எவரும் "அன்பாக வளர்த்தோம்" என்று நிம்மதியாகச் சொல்ல முடியாது.

ரிங்குக்குள் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்டூலில் ஏறும் சிங்கம் பசிக்காகவும் சாட்டைக்காகவும் ஏறுகிறது. தீ வளையம் தாண்டும் புலிக்குத் தீயைக் கண்ட அச்சம் போய்விடவில்லை; ரிங் மாஸ்டரின் கைக்கோல் மீதுள்ள அச்சம் அதைவிடப் பெரியது, அவ்வளவுதான்.

2009-ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளின்படி ஒரு ஜோடிப் புலிக்குக் குறைந்தது 1,000 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும். ஊர் ஊராகப் போகும் எந்த சர்க்கஸ் கம்பெனியால் அதைத் தர முடியும்? சர்க்கஸ் இனப்பெருக்கத்தால் இனம் காக்கப்பட்டது என்ற வாதமும் நிற்காது. சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்களில் பல, ஆப்பிரிக்கச் சிங்கமும் ஆசியச் சிங்கமும் கலந்து பிறந்தவை. பாதுகாப்பு இனப்பெருக்கத்துக்கு அவை ஆகா. குஜராத்தில் 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருந்தன. அந்த எண்ணிக்கையில் கூடாரக் கூண்டுக்குப் பங்கு எதுவும் இல்லை. காட்டைக் காத்ததால் வந்தது அது.

அதே சமயம், "அடைத்து வைப்பதே பாவம், எல்லாவற்றையும் காட்டில் விடுங்கள்" என்று சொல்லும் அன்பர்களோடும் எங்களால் உடன்பட முடியவில்லை. கூண்டு வண்டியில் பிறந்த புலிக்கு வேட்டையாடத் தெரியாது. மனிதரைக் கண்டால் சோறு வருகிறது என்றுதான் நினைக்கும். காட்டிலேயே பிறந்த விலங்குக்கும் சில சமயம் திரும்பும் வழி அடைபடுகிறது. நீலகிரியில் மனிதர்களைக் கொன்ற டி23 புலியைச் சுட்டுவிடாமல் உயிரோடு பிடிக்க முயலுமாறு சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2021 அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பெல்லாம் காயமாக இருந்த அதைச் சிகிச்சைக்கு மைசூருக்குக் கொண்டுபோனார்கள். அத்தகைய விலங்குக்குச் சிறை என்பது தண்டனையாக இருக்கக் கூடாது, அடைக்கலமாக இருக்க வேண்டும். அடைக்கலம் தருகிறோம் என்று அரசு சொல்லிவிட்டால், அந்த விலங்கின் கடைசி மூச்சுவரை அது அரசின் கடமை.

மீட்டெடுப்பதோடு கடமை முடிந்ததாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. காஞ்சனபுரியில் "புலிக்கோயில்" என்று பேர்பெற்ற மடத்தில் சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் புலிகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். 2016-இல் அதிகாரிகள் உள்ளே புகுந்தபோது, உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடைத்தன. அங்கிருந்து அரசு மையங்களுக்கு மாற்றப்பட்ட 147 புலிகளில் 86, 2019 செப்டம்பருக்குள் இறந்துவிட்டன. தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே ஈன்றதால் நோய் எதிர்ப்பு இல்லாத உடல்கள் அவை. தொண்டை வாதமும் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸும் அவற்றைக் கொண்டுபோயின. மீட்டது சரி, மீட்ட பின் வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நிலை நம் நாட்டில் வரக் கூடாது என்பதற்காகவே இந்த மனு.

எனவே கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

1. 1998 அறிவிக்கை ஜாகுவாரையும் பூமாவையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். ஆனால் பதிவு என்பது தடை ஆகாது. நாளைக்கு ஒரு பண்ணை வீட்டிலோ திருமண மண்டபத்திலோ ஜாகுவார் குட்டியைக் காட்சிக்கு வைக்க ஒருவர் துணிந்தால், சட்டத்தில் சந்து தேடுவதற்கு இடம் இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் பெரும்பூனைகளை வளர்ப்பதையும், பொதுமக்கள் குட்டிகளைத் தொட்டுக் கொஞ்சுவதையும் தடுக்க 2022 டிசம்பரில்தான் சட்டம் வந்தது. அந்த நிலைக்கு நாம் போய்விட்டுத் திரும்ப வேண்டாம். பூனைக் குடும்பத்தின் காட்டு விலங்குகள் அனைத்தையும், எந்த நாட்டைச் சேர்ந்தவையானாலும், அறிவிக்கையில் சேர்க்க வேண்டும். தனியார் அவற்றைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பதைத் தடை செய்ய வேண்டும்.

2. சர்க்கஸில் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று 2018 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதிகளை இறுதி செய்து அரசிதழில் வெளியிட வேண்டும்.

3. தடையை மீறி விலங்கைக் காட்சிக்கு நிறுத்தினால் வதைத் தடுப்புச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்கீழ் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். அல்லது மூன்று மாதம்வரை சிறை. 1960-இல் நிர்ணயித்த தொகை இது. இன்று ஒரு சிங்கத்தின் ஒருநாள் இறைச்சிக்கே அது போதாது. இதைத் திருத்த வேண்டும்.

4. மீட்பு மையத்தில் இனப்பெருக்கம் கூடவே கூடாது. பூங்காக்களில் வெள்ளைப்புலிகளை ஈனச் செய்வதையும் நிறுத்த வேண்டும். 1951-இல் ரேவாவில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியை வளர்த்து, பின்னாளில் அதன் மகளோடேயே இணைசேர்த்து உருவாக்கிய வழி அது. கூட்டம் சேர்க்கும் நிறத்துக்காக ஊனத்தைப் பெருக்கக் கூடாது.

5. ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் விலங்குக் கணக்கில் எத்தனை பிறந்தன, எத்தனை இறந்தன என்ற எண்கள் இருக்கின்றன. மீட்பு மைய விலங்கு ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வந்தது, என்ன நோய், எப்படி இறந்தது என்ற தனிக் கோப்பும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். உடற்கூறாய்வு அறிக்கையும் அதில் சேர வேண்டும். மையத்தை நடத்துவது தனியாரானாலும் இதில் விலக்கு கூடாது.

6. மீட்பு மையங்களுக்கெனத் தனி நிதி ஒதுக்க வேண்டும். பூங்காவின் நுழைவுச்சீட்டு வருமானத்தையும் தத்தெடுப்புத் திட்டத்தையும் நம்பி அவற்றை விட முடியாது. கண் தெரியாத கிழட்டுச் சிங்கம் பார்வையாளர் முன் வருவதில்லை. கண்ணில் படாத விலங்குக்குப் புரவலர் கிடைப்பதும் அரிது. அதற்கும் நாள்தோறும் எலும்பு நீக்கிய இறைச்சி வேண்டும், படுக்க மரப்பலகை மேடை வேண்டும், மழைக்காலத்தில் ஈரம் ஏறாத இரவுக் கூண்டு வேண்டும்.

7. விலங்குக் காப்பாளர் வேலையை ஒப்பந்த ஆட்களைக் கொண்டு நடத்தக் கூடாது. எங்கள் வேலையின் உயிர்நாடி ஒரே ஒரு பழக்கம்: விலங்கைப் பெயர் சொல்லி உள்கூண்டுக்கு அழைத்து, இழுப்புக் கதவை இறக்கி, பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்து, உள்ளே இருப்பவற்றை எண்ணிய பிறகே வெளிக்கூண்டில் கால் வைப்பது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் விலங்கு குரலுக்கு வராது, எண்ணிக்கையும் பிசகும். பிசகினால் போவது ஓர் உயிர். நிரந்தரப் பணி, விபத்துக் காப்பீடு, இரட்டைக் கதவு, ஆண்டுக்கொருமுறை காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி ஆகிய ஐந்தும் உறுதி செய்யப்பட வேண்டும். 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் கொரோனா தொற்றிய நீலா, பத்மநாதன் என்ற இரண்டு சிங்கங்களை இழந்தோம். காப்பாளரின் உடல்நலமும் விலங்கின் உடல்நலமும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

8. தடை வந்தபோது விலங்குகளுக்கு மீட்பு மையம் கிடைத்தது. அவற்றைக் கவனித்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கூண்டு கழுவியவர், தீனி வெட்டியவர், ரிங்கில் கம்பி பிடித்தவர் எனப் பலர் முதுமையில் கூலி வேலைக்குப் போகிறார்கள். கேரள அரசு நலிந்த சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வழங்குகிறது. தமிழ்நாட்டிலும் அதுபோல, கலைஞர்களோடு விலங்குப் பணியாளர்களையும் சேர்த்து ஓய்வூதியம் வழங்க மாநில அரசுக்குப் பரிந்துரைக்குமாறு மூன்றாவது பெறுநரைக் கேட்டுக்கொள்கிறோம். சான்றிதழ் கேட்டால் எங்களிடம் இருக்காது. கம்பெனிகள் எதையும் எழுதித் தந்ததில்லை. உடன் வேலை பார்த்த இருவரின் உறுதிமொழியையே சான்றாக ஏற்க வேண்டும்.

முதல் மூன்று கோரிக்கைகளும் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் வருபவை. அவற்றின்மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். 4 முதல் 7 வரையுள்ளவை குறித்து ஆணையமும் மாநில வனத்துறையும் கூட்டும் கலந்தாய்வில் எங்கள் சங்கத்தின் காப்பாளர் இருவருக்கு இடம் அளிக்க வேண்டும். எட்டாவது கோரிக்கைக்கு உரியவர்கள் வயதானவர்கள் என்பதால் அதை முன்னுரிமையோடு பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)