கழுவக் கழுவ வளரும் பரு

கேளம்பாக்கத்தில் நாம் வீடு மந்திரிக்கச் சென்ற ஓர் இல்லத்தில், குடும்பத்தார் அனைவரும் கூடத்தில் கூடியிருக்க, மூத்த மகள் மட்டும் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய பெண். சில ஞாயிறுகளாக அவள் முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு கோவிலின் கடைசித் தூணருகில் நிற்பதை நாமும் கவனித்திருந்தோம். காரணம் கேட்டதற்குத் தாய் சொன்னார்: “முகமெல்லாம் பரு, சாமி. ஒழுங்காக முகத்தைக் கழுவு என்றால் கேட்பதில்லை.” உள்ளேயிருந்து அழுகையோடு பதில் வந்தது: “தினம் ஆறு முறை கழுவுகிறேன், அம்மா!”

மகள் கூறியது மெய்யே. அவளுடைய துன்பத்துக்குப் பாதிக் காரணமும் அதுவே.

நாம் மருத்துவரல்லோம், குருமடத்தில் நமக்குக் கற்பித்தது வேறு வைத்தியம். ஆயினும் இந்தப் பரு விஷயத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வீணாக ஏச்சு வாங்குவதைக் கண்டிருப்பதால், மருத்துவ அன்பர்களிடம் கேட்டறிந்ததை இம்மாதம் எழுதத் துணிகிறோம்.

பரு அழுக்கினால் வருவதன்று. வாலிப வயதில் பெருகும் ஆண்மைச் சுரப்புநீர்கள் (பெண்களின் உடலிலும் இவை சிறிதளவு உண்டு) தோலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. அதே வேளையில் மயிர்க்காலின் உட்புறத்தில் உதிர வேண்டிய தோலணுக்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அதன் வாயை அடைக்கின்றன. அடைபட்ட எண்ணெயில், நம் எல்லார் தோலிலும் எப்போதும் வாழ்கின்ற ஒருவகைக் கிருமி பெருகுகிறது; அதனோடு உடல் போராடும்போது அவ்விடம் சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. அடைப்பிலுள்ள பொருள் காற்றுப்பட்டுக் கறுத்ததேயாகும். உள்ளே நடக்கும் இக்காரியத்தை வெளியே சோப்புப் போட்டுத் தேய்த்து நிறுத்த முடியாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு, வீக்கம்தான் மிகுகிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, வியர்க்க உழைத்து வந்தால் இன்னும் ஒருமுறை, காரமில்லாத சோப்பினால் விரல்நுனி கொண்டு மெதுவாகக் கழுவினால் போதும். நாரும் வேண்டாம், கடலைமாவை அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம்.

நம் பகுதிக்கு உரிய தொல்லை ஒன்றும் உண்டு. உப்பளமும் கழியும் சூழ்ந்த கேளம்பாக்கத்திலும் கோவளத்திலும் பல வீடுகளின் கிணற்று நீர் உப்புக் கரிக்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நீரில் நுரை எழாது. நுரை வரவில்லையே என்று மேலும் சோப்பைத் தேய்ப்போம். அது நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு சேர்ந்து பிசுக்காகித் தோலில் தங்கிக் காந்தும். எல்லாவற்றையும் லாரித் தண்ணீரில் கழுவ எந்தக் குடும்பத்துக்குக் கட்டும்? முகத்தை மட்டும் கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீரால் அலசிவிட்டால் போதுமானது.

அடுத்தது தலையெண்ணெய். தாய்மாரின் மனம் நோகலாம். ஆயினும் சொல்லியே ஆகவேண்டும். 1970-ஆம் ஆண்டிலேயே பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் என்னும் மூன்று மருத்துவர்கள், தலைக்குப் பிசுக்கான தைலம் தடவுவோரின் நெற்றியிலும் கன்னப்பொறியிலும் எழும் பருவைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். நம் வீடுகளில் தேங்காயெண்ணெயைப் பிள்ளையின் நெற்றியில் வழிய வழியத் தடவித்தான் பள்ளிக்கு அனுப்புகிறோம். எண்ணெய் கூந்தலுக்கு நல்லதென்றால் கூந்தலுக்கு மட்டும் இருக்கட்டும். இரவில் எண்ணெய்த் தலையோடு படுத்தால் அது தலையணை உறையில் ஊறி, உறையிலிருந்து கன்னத்துக்கு வரும். வாரம் ஒருமுறையேனும் உறையைத் துவைத்து மாற்றுக. பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரிக்கு இருசக்கர வண்டியில் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்குத் தாடையிலும் நெற்றியிலும் பரு மிகுவதற்கு ஹெல்மெட்டின் உராய்வும் வியர்வையும் காரணமாகலாம். அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள்! உள்துணியை அடிக்கடி துவைத்துக் காயவைத்தால் தீரும்.

உணவைப் பற்றி ஒரு சொல். பாப்புவா நியூகினி நாட்டின் கிடாவா என்னும் தீவில் 1,200 பேரின் முகத்தைப் பார்த்த ஆய்வாளர் ஒருவரிடமும் பருவைக் காணவில்லை என 2002-இல் எழுதினர். அம்மக்கள் உண்பவை கிழங்கு, பழம், மீன், தேங்காய். பிறவிக் கூறுக்கும் இதில் பங்கிருக்கலாம்; ஆயினும் சர்க்கரையும் மைதாவும் மிகுந்த தின்பண்டங்களைக் குறைத்தால் சிலருக்குப் பரு குறைவதைப் பிற ஆய்வுகளும் காட்டுகின்றன. மீனுக்கு நம் கரையில் பஞ்சமில்லை.

இனி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். அவள் வெறும் சோப்போடு நிற்கவில்லை. உறவினர் ஒருத்தி சொன்னாள் என்று கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறாள். இரண்டு வாரத்தில் முகம் பளபளவென்று ஆயிற்றாம், நிறமும் வெளுத்ததாம். வீட்டார் மகிழ்ந்தனர். மூன்றாம் மாதம் பரு முன்னைவிடக் கொத்துக்கொத்தாக எழுந்தது. கன்னத்தில் செந்நரம்புகள் தெரிந்தன. வெயிலில் நின்றால் எரிந்தது. பூசுவதை நிறுத்தினால் இன்னும் மிகுந்தது. அந்தக் குழாயை வாங்கிப் பார்த்தோம். பொடி எழுத்தில் ‘மொமெட்டசோன்’ என்றிருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்பவையும் அவ்வினத்தவையே. இவை கரப்பான் போன்றவற்றுக்கு மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் பூச உதவும், பருவுக்கு ஆகா. தோலை மெலியச் செய்து, தாமே பருவையும் உண்டாக்கும். மக்கள் இவற்றை அழகுக் களிம்பாகப் பூசுவதைக் கண்டு, மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் இத்தகைய 14 பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, சீட்டுக் கேட்காத கடைகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து குழாய்களில் உள்ள பெயர்களை இன்றே படித்துப் பாருங்கள். பல நாள் பூசியிருந்தால், நிறுத்தும் முறையையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

சிவப்பழகின்மேல் நமக்குள்ள மோகத்தையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகவே இக்களிம்புகள் பல வீடுகளில் நுழைகின்றன. வந்தவர்களில் எவர் முகம் மாசற்றதோ, அறியோம்.

பருவைக் கிள்ளும் பழக்கமும் கேடுடையது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கிள்ளிய இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். ஆழமாகக் கிள்ளினால் குழிவிழுந்து ஆயுள்வரைக்கும் இருக்கும். ஆனால், “கையை எடு” என்று நாள் முழுவதும் அதட்டுவதால் எந்தப் பிள்ளையும் கையை எடுத்ததில்லை. அன்று அந்தத் தந்தையிடம், “ஒரு மாதத்துக்கு இவள் முகத்தைப் பற்றி வீட்டில் எவரும் பேசாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டோம். முதலில் சிரித்தார், பிறகு தலையசைத்தார்.

பரு வலியோடு கட்டிகட்டியாக எழுந்தாலும், வடு விழத் தொடங்கினாலும் காலந்தாழ்த்தாமல் தோல் மருத்துவரிடம் செல்க. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் பிரிவு உண்டு. மாதவிலக்கு ஒழுங்கின்றி, முகத்தில் மயிரும் அடர்ந்தால் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம்; தாய்மார் இதைக் கூச்சமின்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற பூச்சுகள் பயன் தர ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். பத்து நாளில் குணமில்லை என்று எறிந்துவிடுவதே பலர் செய்யும் தவறு. முன்னது வண்ணத் துண்டை வெளுக்கும், எச்சரிக்கை! கடும் பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையை ஊனப்படுத்தக்கூடியது. ஆகவே திருமணம் நிச்சயமான பெண்கள் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

அந்தப் பெண் மருத்துவரிடம் சென்றாள். தேற மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. கன்னத்தில் கறை இன்னும் இருக்கிறது; முக்காடு தோளில் கிடக்க, முன்வரிசையில் நின்று பாடுகிறாள். சென்ற வாரம் அவள் தாய் நம்மிடம் வந்து, வாங்கி அடுக்கிய சோப்புக்கட்டிகள் ஆறு அப்படியே இருக்கின்றன, என்ன செய்வது என்று கேட்டார். கை கழுவுமிடத்தில் வைக்கச் சொன்னோம்.